உன் இருக்கையைப் பின்னால் தள்ளிய நாள்

கார்க் கதவைத் திறந்ததும் காய்ந்த ஆரஞ்சுத் தோலின் வாசனை முகத்தில் வந்து மோதியது. நீ கடைசியாகச் செருகி வைத்த தோலெல்லாம் சுருண்டு பொடியாகி எப்போதோ உதிர்ந்திருக்க வேண்டும். ஆனாலும் மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்த கார், அந்த வாசனையை மட்டும் பத்திரமாக வைத்திருந்தது. டீசல் நெடி உடுப்பில் ஒட்டினால் நீ பார்க்கப் போகிற நோயாளிகளுக்கு ஆகாது என்று, குளிர்காலம் வந்தால் நாக்பூர் ஆரஞ்சை வாங்கிக் குவித்து, தோலை ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் செருகுவாய். "காருக்கு என்னத்துக்கு ஆரஞ்சு?" என்று நான் கேட்டால், "பழம் நமக்கு, தோல் காருக்குங்க" என்பாய். நான் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். மூடினால் போய்விடுமோ, திறந்து வைத்தால் போய்விடுமோ என்று தெரியவில்லை.

காரின் பதிவு முடியப் போகிறது. பதினைந்து வருஷம் ஆகிவிட்டதாம். புதுப்பிக்க வேண்டும், அதற்கு முதலில் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும். உன் மகள் நித்யாதான் கைப்பேசியில் செய்தி அனுப்பி நினைவூட்டினாள். கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தாள்: 'இல்லன்னா ஸ்க்ராப்புக்குக் குடுத்துடலாம் அப்பா. யோசிங்க.'

யோசித்தேன். இந்தக் காரை நீ வாங்கிய நாளைத்தான் யோசித்தேன். நான் காஞ்சன்பாக் தொழிற்சாலையில் இருந்தேன், குடியிருப்பும் அங்கேயே. நீ பிசியோதெரபி படித்துவிட்டு, மூச்சு வாங்க முடியாதவர்களின் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாய். உப்பலில் ஒரு வீடு, மௌலா அலியில் இரண்டு, திரும்பி வரும் வழியில் இன்னொன்று. ஸ்கூட்டரில் நோயாளிகள் பிடித்து நடக்கிற நடைவண்டியைக் கட்டி எடுத்துப்போக முடியாது என்று கார் பார்க்கப் போனோம். நான் பெட்ரோல் வண்டியின் பக்கத்தில் போய் நின்றேன். விற்பனைக்காரப் பையனும் என் பக்கம்தான். நீ தலையை ஆட்டினாய். "நக்கோங்க. நாள் பூரா ஓடப்போற வண்டி இது. டீசல்தான்." செகந்திராபாத்தில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பத்துப் பெண் நீ. உன் தமிழில் வேண்டாம் என்பதற்கு நக்கோவும் ஆமாம் என்பதற்கு ஹவ்வும் எங்கே வரும் என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. கோவில்பட்டியிலிருந்து வந்த என் காதுக்கு, உன் 'நக்கோ'வுக்குப் பிறகு பேசுவதற்கு ஒன்றும் இருக்காது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

எனக்கும் லைசென்ஸ் உண்டு. ஆனாலும் முதல் வாரமே உப்பல் சந்திப்பில், நாலாபக்கமும் பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரன் அடிக்க நான் திணறி நின்றபோது, நீ கதவைத் திறந்து இறங்கி, சுற்றி என் பக்கம் வந்து, "நகருங்க" என்றாய். அன்றைக்கு நகர்ந்தவன்தான். பிறகு இடது பக்க இருக்கை எனக்கு என்று ஆகிவிட்டது. மேலே இருக்கிற கைப்பிடியை நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். "அதைப் பிச்சு எடுத்துராதீங்க, வேற வாங்க முடியாது" என்று ரோட்டைப் பார்த்தபடியே சொல்வாய்.

நாம் பேசிக்கொண்டதெல்லாம் அந்தக் காரில்தான். வீட்டில் நேருக்கு நேர் உட்கார்ந்தால் நமக்கு அரிசியும் கேஸும்தான் பேச்சு. காரில் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதையும் சொல்லிவிடலாம். நித்யா கல்லூரிக்குப் போன வருஷம் வீடு காலியாகிவிட்டது போலிருக்கிறது என்று நீ சொன்னது, தார்நாக்கா சிக்னலில். எனக்கும்தான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பச்சை விளக்கு விழுந்துவிட்டது.

போன வருஷம் ஆவணி மாதக் காலையில், சமையலறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. டாக்டர்களும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். இந்த ஊர்த் தெருக்களில் நாம் சேர்ந்து போனவற்றில் நீ ஓட்டாத பயணம் அநேகமாக அது ஒன்றுதான்.

நீ போன பிறகு, பேட்டரி செத்துவிடக் கூடாது என்பதற்காக எப்போதாவது காரை எடுத்து, காலனிக்குள்ளேயே இரண்டாம் கியரில் ஒரு சுற்று சுற்றிவிட்டு நிறுத்துவேன். மழைக்காலத்தில் அதையும் விட்டுவிட்டேன்.

புகைப் பரிசோதனைக்கு உப்பல் ரோட்டில், பெட்ரோல் பங்க் ஓரமாக நிற்கிற வேனுக்குப் போனேன். வேனில் இருந்தது ஓர் இளம்பெண். மடிக்கணினியைத் திறந்து, காரின் எண் பலகையைப் படம் எடுத்து, நீளமான ஒரு குழாயைக் கொண்டுபோய்ப் புகைபோக்கியில் செருகினாள். பிறகு என் ஜன்னலருகே வந்து, "ஃபுல்லு தொக்கண்டி சார்" என்றாள். முழுசாக மிதிக்கச் சொல்கிறாள். மிதித்தேன். "இங்கா, சார், இங்கா!" இன்னும், இன்னும் என்கிறாள். எனக்கு முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. ஒருவழியாகப் பாதத்தைத் திருகி அழுத்தினேன்.

பின்னால் கறுப்பாக ஒரு மேகம் கிளம்பியது. பக்கத்துக் கரும்புச்சாறு வண்டியில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் துப்பட்டா முனையால் குழந்தையின் மூக்கை மூடி, என்னைப் பார்த்தபடி அந்தப் பக்கம் நகர்ந்து போனாள். கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு எனக்குக் காரை விட்டு இறங்கவே பிடிக்கவில்லை.

"பொக எக்குவ ஒஸ்துந்தி சார்," என்றாள் வேனில் இருந்த பெண். புகை அதிகமாக வருகிறது. "ஃபெயில்."

காரை எடுப்பதற்குள் ஒருவன் ஜன்னலில் குனிந்தான். வேனுக்குச் சம்பந்தமில்லாதவன். "சாப், இவ்ளோ தூரம் ஏன் கஷ்டம்? காடி கூட வேணாம். நம்பர் குடுங்க, சர்டிஃபிகேட் வீட்டுக்கு வரும்." வண்டியைக் காட்டாமலே சான்று கிடைக்குமாம்.

எனக்கு அந்த நேரத்தில் ராமுலு ஞாபகம் வந்தார். உப்பல் சந்திப்பில் போக்குவரத்துக் காவலராக நின்று நின்று நெஞ்சு கெட்டுப்போனவர். தண்ணீர் பாட்டிலில் குழாயைப் போட்டு ஊதிக் குமிழி விட அவருக்கு நீ பழக்கினாய். சின்னப் பிள்ளை மாதிரி அவர் வெட்கப்பட்டார் என்று சொல்லிச் சிரித்தாய். ஒருநாள் இதேபோல ஒருவன் சோதிக்காமலே சான்று தருகிறேன் என்று உன்னிடம் வந்தான். "நக்கோ பையா. குழாயைப் போட்டுப் பாரு. ஃபெயில் ஆனா சரி பண்ணிட்டு வரேன்" என்றாய். கார் கிளம்பிய பிறகு என்னிடம், "காலைல அந்த மனுஷனை மூச்சு விடச் சொல்லிட்டு, சாயங்காலம் நானே அவர் மூஞ்சில புகை விடுறதா?" என்றாய். கோபத்தில் உனக்கு மூக்கு நுனி சிவக்கும். அன்றைக்கும் சிவந்திருந்தது.

"வேண்டாம்பா," என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை நித்யா, வேலை பார்க்கிற கச்சிபௌலியிலிருந்து வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். சாப்பிட்டு முடித்தாள். பிறகு, "வத்து அப்பா. வேணாம். லெட் இட் கோ," என்றாள். மூன்று பாஷையிலும் ஒரே விஷயம்.

"கொஞ்சம் வேலை பாத்தா சரியாயிரும்மா."

"சரியாகலன்னா?"

"ஆகலன்னா நானே கொண்டுபோய்க் குடுத்துருதேன். புகை விட்டுக்கிட்டு உங்க அம்மா கார் இந்த ஊர்ல ஓடாது."

அவள் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா அந்தக் கார்ல இல்லப்பா," என்றாள் கடைசியில். கடுமையாகச் சொல்லவில்லை. அவளுக்கும் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நீ வீட்டில் இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், அங்கேயும் இல்லை. பழைய குடியிருப்பில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். நான் எங்கே போய் உட்காருவது என்று அவளிடம் கேட்க முடியுமா? "தெரியும்மா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் இரண்டு பேருமாக மௌலா அலியில், உன் காரை எப்போதும் பார்க்கிற யூசுஃப் பாயின் பட்டறைக்குப் போனோம். காரைப் பார்த்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நித்யாவைப் பார்த்து, "மேடம் பேட்டி?" என்று கேட்டார், மேடத்தின் மகளா என்று. நான் தலையசைத்தேன். அவர் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "யே ஹாத் நை உட்தா தா, பேட்டி." இந்தக் கை தூக்க வராமல் இருந்தது என்கிறார். "மேடம்தான் சரி பண்ணுச்சு. பைசா வாங்கல. 'டெய்லி பண்ணலன்னா வந்து திட்டுவேன்'னு சொல்லிட்டுப் போச்சு." அவரும் ஒரு கலவைத் தமிழ் பேசுவார், உனக்குத் தெரியும். உன்னிடம் பேசிப் பேசி வந்ததுதான்.

காற்று வடிகட்டி அடைத்துப் போயிருந்தது, மாற்றினார். புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்கே அனுப்புகிற வால்வைக் கழற்றியபோது உள்ளே தார் பூசினது போல இருந்தது. டீசல் தெளிக்கிற இன்ஜெக்டர்களைச் சோதனைக்கு அனுப்பினார். எல்லாம் திரும்பப் பூட்ட வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது, நித்யாவும் வேலை முடிந்து வந்துவிட்டாள். மிதித்துப் பார்த்தோம். குறைந்திருந்தது. ஆனாலும் வந்தது. யூசுஃப் பாய் தாடியைச் சொறிந்தார்.

வீட்டுக்குப் போகலாம் என்று நித்யா சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவளோ ஒரு டயர் மேல் உட்கார்ந்து கைப்பேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்தவள், "அப்பா, நீங்க இத எங்க ஓட்டுனீங்க இவ்ளோ நாளா?" என்றாள்.

"காலனிக்குள்ளதான்."

"எந்த கியர்ல?"

"ரெண்டுல."

"அதான். டீசல் கார மெதுவாவே ஓட்டுனா கரி உள்ளயே படியுமாம். ஹைவேல கொண்டுபோய், கியரைக் குறைச்சு, நல்லா இழுத்து ஓட்டணுமாம். அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள டெஸ்டுக்குப் போகணும்." யூசுஃப் பாயைப் பார்த்தாள். "கரெக்டா, பாய்?"

"ஹவ், பேட்டி. பார்ட் எல்லாம் ஓகே. காடி தூங்குது. தௌடாவ்." ஓட விடுங்கள் என்கிறார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "மேடம் ஜைசா, சாப்."

மேடம் மாதிரி.

தானே ஓட்டித் தருவதாகவும் சொன்னார். நித்யாவுக்கு ஆட்டோமேட்டிக் கார்தான் ஓட்டத் தெரியும், கிளட்ச் தெரியாது. யூசுஃப் பாயிடம் சாவியைக் கொடுக்கக் கையை நீட்டினேன். நீட்டிய கையை என்னவோ மடக்கிக்கொண்டேன். "நானே ஓட்டுதேன்," என்றேன். நித்யா நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் காலையில் கட்கேசர் பக்கமாக வெளிவட்டச் சாலைக்குப் போனோம். சுங்கச் சாவடிக்கு முன்னால் ஓரமாக நிறுத்தி, பெல்ட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நித்யா என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உங்களுக்கு முட்டி இடிக்கலையா?"

"இடிக்கத்தான் செய்யுது."

"சீட்டைப் பின்னால தள்ளுங்க, அப்பா. இவ்ளோ கிட்ட உக்காந்தா ஃபுல்லா எப்படி மிதிப்பீங்க?"

நான் பெல்ட்டை மறுபடி இழுத்துப் பார்த்தேன். அவளுக்கு ஒரு நொடி ஆயிற்று. பிறகு அவள் முகம் மாறியது.

அது உன் உயரத்துக்கு வைத்த இருக்கை. நீ போன பிறகு அந்தக் காரில் எத்தனை தடவை உட்கார்ந்தாலும் நான் அதை நகர்த்தியதில்லை. முழங்காலை ஒடுக்கிக்கொண்டு, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொள்கிற மாதிரி உட்கார்ந்து, காலனியைச் சுற்றி வந்திருக்கிறேன். உன் உயரம் எவ்வளவு என்று வேறு எங்கே இருக்கிறது? உன் புடவைகளை உன் தங்கை கொண்டுபோய்விட்டாள். செருப்பை நித்யா யாருக்கோ கொடுத்துவிட்டாள். நீ உட்கார்ந்த இடத்துக்கும் உன் பாதம் எட்டிய இடத்துக்கும் நடுவில் இருந்த தூரம், இந்தக் காரில் மட்டும்தான் அப்படியே இருந்தது.

நித்யா அவசரப்படுத்தவில்லை. "வேணும்னா திரும்பிப் போயிடலாம்பா," என்று மெதுவாகச் சொன்னாள். ஸ்க்ராப்புக்குக் கொடுத்துவிடலாம் என்று சொன்ன அதே பெண்.

நான் கையை இருக்கைக்குக் கீழே விட்டேன். கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. இழுத்துப் பிடித்துக் காலால் உந்தினேன். முதலில் அசையவில்லை. பிறகு ஒரே சத்தத்தோடு பின்னால் போய் நின்றது. என் கால்கள் நீண்டன. எனக்கு முன்னால் இருந்த அந்த இடைவெளியைப் பார்த்ததும், அவ்வளவு நாளும் வராத அழுகை வந்தது. சுங்கச் சாவடிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நித்யா என் தோளில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். அவளும் அழுதாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்த பிறகுதான் கிளம்பினோம்.

மூன்றாம் கியரில் வைத்து மிதித்தேன். இன்ஜின் அலறியது. கண்ணாடியில் கறுப்பு மேகம் எழுந்து பின்னால் உருண்டது. நித்யா திரும்பி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள். "கறுப்பு... இன்னும் கறுப்பு... விடாதீங்கப்பா... இப்ப சாம்பல்." ரோட்டின் இரண்டு பக்கமும் பாறைகளும் காலி மனைகளும் ஓடின. கொஞ்ச தூரம் போனதும் அவள் குரல் மாறியது. "ஒண்ணும் தெரியலப்பா! க்ளியர்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க அம்மா பக்கத்துல உக்காந்து நான் செத்துப் பிழைச்சது உனக்குத் தெரியாது. இந்த வேகத்துலதான் எப்பவும் போவா."

நித்யா ஆச்சரியமாகப் பார்த்தாள். "இந்த வேகமா? அப்பா, அம்மா என்னைக் காலேஜ்ல விடும்போது ஓட்டுனத நீங்க பாத்ததே இல்ல. நான் கண்ண மூடிப்பேன். ஒரு தடவை கேட்டேன், அப்பாகூடப் போகும்போதும் இப்படித்தான் போவியான்னு. 'பாவம்டீ, அவரு பயந்துக்குவாரு. அவரு இருந்தா நான் உருட்டிட்டுதான் போவேன்'னு சொன்னா."

அத்தனை வருஷமும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான் பயந்து நடுங்கினேனே, அது நீ எனக்காக மெதுவாக ஓட்டிய வேகமா? ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம் நீ. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், அது வேறு.

இன்ஜின் ஆறுவதற்குள் உப்பல் வந்து சேர்ந்தோம். வேனில் அதே பெண். இந்தத் தடவை அவள் சொல்வதற்கு முன்பே காலை நீட்டி முழுசாக மிதித்தேன். குழாயைச் செருகி, எடுத்து, மறுபடி செருகி, திரையைப் பார்த்தாள். நித்யா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ் அயிந்தி சார்," என்றாள் அந்தப் பெண். பிறகு காரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கொத்த இன்ஜினா?" என்று கேட்டாள். புது இன்ஜினா என்கிறாள்.

"பழசுதாம்மா," என்றேன் தமிழிலேயே. புரிந்ததோ என்னவோ, சிரித்தாள்.

அடுத்த வாரம் போக்குவரத்து அலுவலகத்தில் அதிகாரி காரைச் சுற்றிப் பார்த்தார், விளக்கைப் போடச் சொன்னார், பிரேக்கைப் பார்த்தார். பதிவைப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள். இன்னும் சில வருஷம் ஓடலாம். நித்யா கிளட்ச் பழகுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அன்றைக்குச் சான்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது, நித்யா தூங்கிவிட்டாள். வாரம் பூரா வேலை, காலையில் சீக்கிரம் எழுந்தது, அழுதது எல்லாம் சேர்ந்து அசத்திவிட்டது. தலை என் பக்கமாகச் சாய்ந்திருந்தது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. முன்னால் ஒரு வேகத்தடை. நான் யோசிக்கவே இல்லை. என் கால் தானாகவே தளர்ந்து, பிரேக்கை லேசாகத் தொட்டு, காரை அதன் மேல் மெல்ல ஏற்றி மெல்ல இறக்கியது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் விழிக்கவில்லை. அடுத்த பள்ளத்திலும் அப்படியே. ரோட்டில் ஒரு கண், அவள் மேல் ஒரு கண்.

குடியிருப்பை விட்டு இந்த வீட்டுக்கு வந்த பிறகு, தொழிற்சாலையிலிருந்து திரும்பும் சாயங்காலங்களில் நான் உன் பக்கத்தில் எத்தனையோ நாள் தூங்கியிருக்கிறேன். வீடு வந்ததும் "ஏங்க, வந்தாச்சு" என்று நீ தொட்டு எழுப்புவாய். நடுவில் விழித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. காஞ்சன்பாக் ரோட்டில், அந்தப் பள்ளங்களிலும் மேடுகளிலும், நான் எப்படி ஒரு தடவைகூட விழிக்காமல் தூங்கினேன் என்று அன்றைக்கு வரை நினைத்துப் பார்த்ததில்லை. ஓட்டுகிறவருக்குத்தான் அது தெரியும்.

இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள் காரை எடுக்கிறேன். ஊருக்கு வெளியே கொஞ்சம் வேகமாகவே ஓட்டுகிறேன், அதற்கு நல்லது என்பதால். பெரும்பாலும் தனியாகத்தான். ஆனால் வேகத்தடை வந்தால் என் கால் தளர்ந்துவிடுகிறது. இடது பக்கம் பார்க்கிறேன். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தும், மெல்ல ஏற்றி, மெல்ல இறக்குகிறேன்.